எழுபத்திரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு

மர்சூக் நானா எதையும் கடைசியிலிருந்துதான் பார்ப்பார். பத்திரிகை கைக்கு வந்தால் முதலில் கடைசிப் பக்கம். கடிதம் வந்தால் முதலில் கையெழுத்து. கலியாண வீடியோ ஒன்றை இறுவட்டில் பதிந்து முடித்ததும், பெண் வீட்டார் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருக்க, நேரே கடைசி நிமிடத்துக்குத் தாவுவார். திரையில் பந்தல் கழற்றுவார்கள், கதிரைகளை அடுக்குவார்கள். அது ஓடி முடிந்து திரை கறுத்த பிறகுதான் தொடக்கத்துக்கு வருவார்.

"என்ன நானா, தாலி கட்ட முதலே பந்தலக் கழட்டிட்டீங்க?" என்று ஒரு மாப்பிள்ளை கேட்டான்.

"தொடக்கம் எல்லாருக்கும் நல்லாத்தான் இரிக்கும் தம்பி. நான் முடிவப் பாத்திட்டுத்தான் சாமானக் கையில தாற."

"கலியாணத்தையும் அப்பிடி முடிவப் பாத்திட்டுச் செய்யிறதெண்டா ஊரில ஒருத்தனும் கட்டமாட்டான்."

"அதுதான் அந்த முடிவ ஒனக்குக் காட்டல்ல," என்றார். கடை முழுக்கச் சிரித்தது. புதுப்பெண் மட்டும் மாப்பிள்ளையை முறைத்தாள்.

2009 முதல் 2015 வரை நான் இந்தப் பழக்கத்தைப் பார்த்தேன். வருகிறவர்கள் அதை அவருடைய கிறுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் நாலு பேர். அதில் நானும் ஒருத்தி. அதனால்தான் இதை எழுத இவ்வளவு காலம் தயங்கினேன்.

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். மர்சூக் நானாவுக்குச் சொந்த ஊர் ஓட்டமாவடி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, சவூதியில் ஏழு வருடம் லொறி ஓட்டினார். 1999இல் திரும்பி வரும்போது ஒரு வீடியோ கமெரா கொண்டுவந்தார். "மற்றப் பொம்புளகளுக்கெல்லாம் தங்கம் வந்திச்சு, எனக்கு ஒரு கண்ணாடிக் கண்ணு வந்திச்சு. அதுவும் ஊராக்கள்ற பொண்ணுகளத்தான் பாத்துக்கிட்டுத் திரிஞ்ச," என்று அவர் மனைவி ஸஹீதா ராத்தா சொல்லுவார்.

வாழைச்சேனையிலிருந்து ஓட்டமாவடிக்குப் போகும் வீதியில், தமிழாக்களின் கடைகள் முடிந்து முஸ்லிமாக்களின் கடைகள் தொடங்குகிற இடத்தில் அவர் கடை இருந்தது. பிரச்சினை நாட்களில் இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும். தணிந்ததும் முதலில் திறக்கிற கடை அவருடையது. வாகரை, கதிரவெளி வரைக்கும் தமிழ்க் கலியாணங்களுக்குப் போய்வருவார். எந்த நேரம் மேளம் உச்சத்துக்கு ஏறும், எந்த நேரம் பெண்ணின் தாய் அழத் தொடங்குவாள் என்பதெல்லாம் அவருக்கு ஐயரை விட நன்றாகத் தெரியும் என்று எங்கள் பக்கத்தில் பகிடியாகச் சொல்வார்கள்.

2004 ஆவணியில் கதிரவெளியில் நிருஷா என்ற பெண்ணின் கலியாணத்தை அவர் எடுத்தார். பெண்ணின் தாய் இலட்சுமிப்பிள்ளை அக்கா ஒரு கட்டளை போட்டார். "தம்பி, ஒண்டையும் வெட்டிப்போடாதீங்க. சமைக்கிற ஆக்கள், பாய் விரிக்கிற ஆக்கள், எல்லாரும் வரட்டும். துண்டு துண்டா வேணாம், ஒரே படமாத் தாங்க."

வழக்கமாக மர்சூக் நானா ஒரு கலியாணத்தை அரை மணித்தியாலத் துண்டுகளாக்கித்தான் கொம்பியூட்டரில் வைப்பார். இதை மட்டும் ஒரே ஃபைலாக வைத்தார். எழுபத்தெட்டு நிமிடம்.

அதில் கடைசி ஆறு நிமிடத்தை அவர் எடுக்கவே இல்லை. விருந்தினர் போன பிறகு, கமெராவை நிற்பாட்ட மறந்து ஒரு கதிரையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அது தன்பாட்டுக்கு ஓடியது. பெண்ணின் தம்பி நிலோஜனுக்கு அப்போது பதினாறு வயது. நாள் முழுக்கக் கமெராவைக் கண்டால் ஓடி ஒளிந்தவன். ஆள் இல்லை என்று நினைத்துத் தண்ணி வாளியோடு கமெராவின் சட்டத்துக்குள் வருகிறான். சோறு ஆக்கிய பெரிய கிடாரத்தைக் கழுவுகிறான். கழுவிக்கொண்டு பாடுகிறான். "கழுத கத்தினமாதிரி இரிக்கு, கிடாரத்த ஓட்டையாக்கிப் போடாத!" என்று உள்ளேயிருந்து தாயின் சத்தம் கேட்கிறது. அவன் இன்னும் பலத்துப் பாடுகிறான். பிறகு திரும்புகிறான், சிவப்பு விளக்கைக் காண்கிறான். கிட்ட வருகிறான். திரை முழுக்க அவன் முகம். "நானா, இது ஓடுதா?" கை வந்து கண்ணாடியை மூடுகிறது. அவ்வளவுதான்.

எனக்கு இது இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், நான் அதை ஒருமுறை பார்த்தேன். 2005 மாசியில்.

2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்து போன இரண்டாவது கிழமையிலிருந்து மர்சூக் நானாவின் கடைக்குக் கரையோர ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வீடு போன இடத்தில் படங்களும் போயிருந்தன. இறந்தவர்களின் முகம் ஒன்றும் கையில் இல்லை. ஆனால் யாரோ ஒருவரின் கலியாணத்தில், பெரியபிள்ளையான யாரோ ஒருத்தியின் சாமத்தியச் சடங்கில், பின்வரிசையில் அவர்கள் சோறு தின்றுகொண்டிருந்திருப்பார்கள் அல்லவா?

"நானா, போன வருசம் எங்கட மச்சாள்ற கலியாணத்தில என்ட மகள் மஞ்சள் சட்டையோட நிண்டவள்."

அவர் தேடுவார். ஒரு நிமிடத்தைப் பத்துத் தரம் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். கண்டால் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, கடதாசியில் அடித்துக் கொடுப்பார். கண்டுபிடிக்க முடியாதவர்களும் இருந்தார்கள். வீடியோக்காரர்கள் எல்லாரையும் போல அவரும் ஒரு டேப்பில் ஆறேழு கலியாணம் எடுப்பவர். பழையதன் மேல் புதியதைப் பதிந்துவிடுவார். கொம்பியூட்டரில் ஏற்றி வைத்தவை மட்டும்தான் மிஞ்சின. அந்தக் கொம்பியூட்டரும் சின்னது, நிரம்பி வழிந்தது.

அப்போது வாழைச்சேனையில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் அலுவலகம் திறந்திருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. அப்பா கடதாசி ஆலையில் வேலை செய்தவர், அம்மா ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை வேண்டும் என்றார்கள், போனேன். காணாமல் போனவர்களின் பட்டியலுக்குப் படம் சேர்ப்பது என் பொறுப்பு. அப்படித்தான் மர்சூக் நானாவின் கடைக்குப் போகத் தொடங்கினேன். எங்கள் அலுவலகத்தில் பெரிய ஹாட் டிஸ்க்கோடு ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அவருடைய வீடியோக்களை அதில் ஏற்றி வைக்க நான்தான் அனுமதி வாங்கினேன். அவர் இயந்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, மூன்று நாள் செலவழித்து, எல்லாவற்றையும் எங்கள் பெட்டிக்கு மாற்றினோம். அவர் பெட்டியில் இருந்தவற்றை அழித்தோம். இடம் கிடைத்தது, புதுக் கலியாணங்களுக்கு.

இலட்சுமிப்பிள்ளை அக்கா நிலோஜனோடு வந்தது அந்த மாற்றத்துக்குக் கொஞ்சம் முதல். கடல் அவருடைய புருஷனையும் வீட்டிலிருந்த கலியாண இறுவட்டையும் கொண்டுபோயிருந்தது. மர்சூக் நானா எழுபத்தெட்டு நிமிடத்தையும் போட்டுக் காட்டினார். பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்கும் இடத்தில் புருஷனின் முகம் நன்றாக விழுந்திருந்தது. அதை அடித்தோம். அக்கா எழும்பவில்லை. கடைசிவரைக்கும் பார்த்தார். கிடாரம் கழுவும் இடம் வந்ததும் நிலோஜன் கூச்சத்தில் நெளிந்தான். "நிப்பாட்டுங்க நானா, மானம் போகுது."

அக்கா இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"இவன்ட முகத்தையும் ஒண்டு அடிச்சுத் தாறன் அக்கா. நல்லா விழுந்திரிக்கு."

"இவன் என்ட கண்ணுக்கு முன்னால இரிக்கானே தம்பி. இரிக்கிறவனுக்கு எதுக்குப் படம்? இல்லாதவர்ர படத்தத் தாங்க, போதும்."

2006 கடைசியில் வாகரைப் பக்கம் இராணுவம் இறங்கிச் சண்டை மூண்டபோது கதிரவெளி ஆட்கள் காட்டாலும் கரையாலும் தெற்கே வந்தார்கள். இலட்சுமிப்பிள்ளை அக்கா வந்தார். நிலோஜன் வரவில்லை. அவன் ஒரு வள்ளத்தில் வடக்கே போனதாகச் சொன்னார்கள். விரும்பிப் போனானா, ஏற்றிக்கொண்டு போனார்களா என்று அக்கா ஒருநாளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2007 தையில் அவனிடமிருந்து ஒரு ஃபோன் வந்தது. முல்லைத்தீவுப் பக்கம் வள்ளங்கள் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியிடம் படகு வேலை, சுகமாக இருக்கிறேன், வீட்டுக் கிணற்றை இறைத்து விடுங்கள். அக்கா அந்தக் குரலை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் இருந்தார்.

அந்த 2007 ஆடியில் எங்கள் அலுவலகத்தை மூடினார்கள். நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தேன். வந்தாறுமூலை கிட்டத்தானே, விடுமுறையில் வந்து உதவுவேன். கொம்பியூட்டர்களைத் துடைத்து வேறு இடங்களுக்குக் கொடுக்கப்போகிறோம், ஒரு கிழமைக்குள் உங்கள் வீடியோக்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மர்சூக் நானா இப்போது கடன்பட்டு ஒரு பெரிய ஹாட் டிஸ்க் வாங்கியிருந்தார், வெளியால் செருகுவது. அவருடைய பெட்டியைத் திரும்பவும் தூக்கிவர வழியில்லை. சோதனைச் சாவடியில் கொம்பியூட்டரோடு போனால் ஒரு நாள் போய்விடும். டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோகலாம்.

இங்கேதான் இரண்டு கொம்பியூட்டரும் இரண்டு சாதி என்பது பிரச்சினையானது. அலுவலகப் பெட்டி ஓடியது லினக்ஸில். அவருடையது விண்டோஸ். டிஸ்க் ஒன்றில் எதை எங்கே வைப்பது, எப்படிக் குறித்துவைப்பது என்பதில் இரண்டுக்கும் வேறுவேறு முறை. வயரால் இணைத்தபோது இது தெரியவில்லை, ஒன்று கேட்க மற்றது எடுத்துக் கொடுத்தது. டிஸ்க்கைக் கையில் கொண்டுபோகும்போது அப்படி எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை.

முதல் தடவை நான் டிஸ்க்கை லினக்ஸ் முறையில் ஒழுங்குபடுத்தி எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தேன். அவர் கடையில் செருகினார். விண்டோஸ் ஒன்றையும் காணவில்லை. வெறும் டிஸ்க், அழித்து ஒழுங்குபடுத்தவா என்று கேட்டது. அவர் கையை எடுத்துவிட்டு எனக்கு ஃபோன் எடுத்தார்.

"கம்சாயினி, ஒன்ட பெட்டி அனுப்பினத என்ட பெட்டி பாத்திட்டு, வீட்ட ஆருமில்ல, இடிச்சிட்டுக் கட்டவா எண்டு கேக்குது."

"ஓம் எண்டு அமத்திராதீங்க நானா!"

"அமத்துவனா? தமிழாக்களும் முஸ்லிமாக்களும் ஒரே பாசையில சண்ட பிடிக்கிற ஊருக்குள்ள, இதுகள் ரெண்டும் கதைக்காமலே சண்ட பிடிக்குதுகள்."

பிறகு தேடிப் படித்தேன். இரண்டுக்கும் வாசிக்கவும் எழுதவும் தெரிந்த பழைய முறை ஒன்று இருந்தது, ஃபாட் முப்பத்திரண்டு. டிஸ்க்கை அந்த முறைக்கு மாற்றினேன். அந்தப் பழைய முறையில் நாலு கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு தனி ஃபைல் அடங்காது. அதைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தின் அடியில் இது இருந்தது. நான் அடிவரைக்கும் வாசிக்கவில்லை.

அரைமணித் துண்டுகளுக்கு அதனால் ஒன்றுமில்லை. மொத்தத்தில் அந்த அளவைத் தாண்டியது ஒன்றே ஒன்றுதான். வெட்டாமல் வைத்த நிருஷாவின் கலியாணம்.

அன்றைக்கு அலுவலகத்தில் மேசைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஃபைல்கள் மெதுவாக ஊர்ந்தன. மத்தியான லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று மர்சூக் நானா பள்ளிக்குப் போனார். நான் இருந்த கதிரையையும் ஒருவர் கேட்டார், எழும்பி நின்றேன். அப்போது திரையில் ஒரு சின்ன அறிவிப்புப் பெட்டி வந்தது, இரண்டு வரி ஆங்கிலம். நாளுக்கு ஐம்பது பெட்டி வருகிற இயந்திரம் அது. என் கை போய் ஓகேயை அமத்தியது. பெட்டி மறைந்தது. மிச்ச ஃபைல்கள் தொடர்ந்து ஊர்ந்தன.

ஆங்கிலம் வாசிப்பேன் என்பதற்காகத்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அந்த இரண்டு வரியை நான் வாசிக்கவில்லை.

"முடிஞ்சா?" என்று திரும்பி வந்தவர் கேட்டார்.

"முடிஞ்சி நானா."

ஒவ்வொன்றாகத் திறந்து தொடக்கத்தைப் பார்த்தோம். நிருஷா மணவறைக்கு வந்தாள். மேளம் கேட்டது. சரி என்றோம். கடையில் விண்டோஸிலும் அவர் அப்படியே தொடக்கத்தைப் பார்த்தார். எல்லாம் வந்திருந்தது. அடுத்த கிழமை அலுவலகப் பெட்டியைத் துடைத்தார்கள்.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது. வடக்கில் முகாம்களில் லட்சக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள், கம்பி வேலியில் படம் கொண்டுபோய்க் காட்டித் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆனி மாதம் இலட்சுமிப்பிள்ளை அக்கா கதிரவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தார். நானும் கடையில் இருந்தேன். அடையாள அட்டைக்கு எடுத்த படம் அட்டையோடு நிலோஜனின் சட்டைப் பையில் போயிருந்தது. படம் எடுத்த ஸ்டூடியோ சண்டையில் உடைந்துவிட்டது. வேறு படம் இல்லை.

"தம்பி, அண்டைக்கு நீங்க கேட்டீங்க, நான் வேணாமெண்டன். இப்ப வேணும். அந்தக் கிடாரம் கழுவிற இடம்."

"அதுக்கென்ன அக்கா, அஞ்சு நிமிசத்தில அடிச்சுத் தாறன். இருங்க, தேத்தண்ணி குடிங்க."

அவர் கடைசிப் பக்கமாக இழுத்தார். பந்தலில் ஆட்கள் எழும்பிப் போனார்கள். வெறும் கதிரைகள். ஈரத் தரையில் கிடாரம். இடது பக்கத்திலிருந்து ஒரு தண்ணி வாளி வந்தது. வாளியைப் பிடித்த கை வந்தது, முழங்கை வரைக்கும். அதோடு நின்றுவிட்டது.

அவர் திரும்ப இழுத்தார். வாளி, கை, முழங்கை, நின்றது. எழுபத்திரண்டாவது நிமிடம்.

"கொம்பியூட்டர் சூடாகிட்டுதாக்கும்," என்றார். நிற்பாட்டி, மறுபடி திறந்தார். நான் ஃபைலின் அளவைப் பார்த்தேன். சரியாக நாலு கிகாபைட். மற்ற ஒன்றும் அப்படி முழு எண்ணில் முடியவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அன்றைக்கு வாசிக்காமல் ஓகே அமத்திய இரண்டு வரி இதைத்தான் சொல்லியிருந்தது.

"அது அவன்ட கைதான்," என்றார் அக்கா. "மணிக்கட்டில நூல் கட்டியிரிக்கு, பாருங்க. நான்தான் கட்டினது. மிச்சத்த விடுங்க தம்பி."

மர்சூக் நானா எழும்பி நின்றார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, என்ட பிழை. மாத்தக்குள்ள கடைசித் துண்டு விடுபட்டுட்டு. நான் முடிவப் பாக்கல்ல. எப்பிடியும் எடுத்துத் தருவன்."

கடைசிச் சட்டத்தை, அந்தக் கையை, அவர் கடதாசியில் அடித்து நீட்டினார். அக்கா அதை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்தார்.

"கையக் காட்டி ஆரக் கேக்கிற? முகத்தத் தாங்க தம்பி. நான் வருவன்."

அந்தக் கிழமையே மர்சூக் நானா பழைய அலுவலகப் பெட்டியைத் தேடத் தொடங்கினார். அலுவலகத்தில் இருந்தவர்களில் ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் இன்னொருவரைப் பிடித்து, கடைசியில் அது செட்டிபாளையம் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகம் நடத்துகிற கொம்பியூட்டர் வகுப்பில் இருக்கிறது என்று அறிந்தோம். இரண்டு பஸ் மாறி நாங்கள் இருவரும் போனோம். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த இலக்கத்தைப் பார்த்து நான் அதைக் கண்டுபிடித்தேன். அதில் இப்போது விண்டோஸ் ஏற்றியிருந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

அவர் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் குந்தி, "மகள், வென்றிட்டயா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல மாமா."

"வெல்லு. மாமா நிக்கிறன்," என்றார். அவள் விளையாடி முடிக்கும்வரை நின்றார்.

கழகத்துக்காரர்கள் நல்லவர்கள். டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தார்கள், பதிலுக்கு அவர் ஒரு புது டிஸ்க் வாங்கிக் கொடுத்தார். அழிந்ததைத் தேடுகிற மென்பொருள்கள் உண்டு. அடியில் ஏதாவது மிஞ்சியிருந்தால் துண்டு துண்டாக எடுக்கும். நாங்கள் எடுத்தோம். எங்கள் அலுவலகத்தின் பழைய கூடாரப் பட்டியல் வந்தது. யாருடையதோ கலியாணத்தில், முன்பு தேடியபோது எங்கள் கண்ணில் படாத பதினொரு விநாடி வந்தது. கடல் கொண்டுபோன ஒரு பிள்ளை அதில் மஞ்சள் சட்டையோடு நின்றாள். அதை அவளுடைய தாய்க்கு அடித்துக் கொடுத்தார். நிலோஜன் வரவில்லை.

புதிதாக ஒரு மென்பொருள் வந்தது என்று கேள்விப்பட்டால் கொழும்பிலிருந்தாவது எடுப்பிப்பார். ஆறு வருடம். டிஸ்க் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தேய்ந்தது. சோதித்துச் சோதித்தே அதைக் கெடுக்கிறோமோ என்று நான் பயந்தேன், சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலட்சுமிப்பிள்ளை அக்கா வருவார். வடக்குக்கு மூன்று தரம் போய், படம் இல்லாமல் பெயரை மட்டும் சொல்லித் தேடிவிட்டு வந்திருந்தார்.

"வந்துதா தம்பி?"

"இன்னும் இல்ல அக்கா."

தேத்தண்ணி குடிப்பார். போவார். அவர் திட்டியதில்லை. திட்டியிருந்தால் மர்சூக் நானாவுக்குச் சுகமாக இருந்திருக்கும் என்று ஸஹீதா ராத்தா சொன்னார்.

பட்டம் பெற்று வேலையில்லாமல் இருந்த நாட்களில், 2012இல், நான் ஒருநாள் துணிந்து சொன்னேன். "நானா, அண்டைக்கு ஒரு மெசேஜ் வந்த. நான் வாசிக்காம ஓகே அமத்தினன்."

அவர் ஒரு இறுவட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்பிடி?"

"தொழுதிட்டு வந்து கதவடியில நிண்டன். பெட்டி வந்ததும் கண்டன், நீ அமத்தினதும் கண்டன். என்ன கேட்டது எண்டு கேக்க வாய் வந்த. படிச்ச புள்ள, தெரியாமலா அமத்துவா எண்டு விட்டுட்டன்." இறுவட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கேட்டிருக்கலாம்."

"அக்காட்ட நான் சொல்லட்டா?"

"என்னத்துக்கு? அவ என்னட்டத்தானே தந்த. கைநீட்டி வாங்கினவன் நான்."

எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். வெட்கம் பிறகுதான் வந்தது.

2015 மாசியில் ஒரு வியாழக்கிழமை காலை, கடை திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திய மர்சூக் நானா எழும்பவில்லை. ஐம்பத்திரண்டு வயது. செய்தி கதிரவெளிவரை போயிருந்தது. பகல் பஸ்ஸில் இலட்சுமிப்பிள்ளை அக்கா வந்து இறங்கினார். மர்சூக் நானாவின் வீட்டு வாசலுக்கு வெளியே, தமிழாக்கள் நின்ற பக்கத்தில் என்னோடு நின்றார்.

உடலை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன் முஸ்லிமாக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் யாருக்காவது கொடுக்க வேண்டியது இருந்தால் சொல்லும்படி கேட்பார்கள். சொன்னால் வீட்டார் பொறுப்பெடுப்பார்கள், இல்லாவிட்டால் உரியவர் மனம் பொருந்தி விட்டுக்கொடுப்பார். கடனோடு மண்ணுக்குள் போகக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. மர்சூக் நானாவின் மூத்த சகோதரர் ஆதம்பாவா முன்னுக்கு வந்து சத்தமாகக் கேட்டார்.

"என்ட தம்பி ஆருக்காவது ஏதும் குடுக்க இரிந்தா சொல்லுங்க. நான் பொறுப்பு. இல்லாட்டி அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க."

டிஸ்க் வாங்கக் கடன் கொடுத்த கடைக்காரர் கையை உயர்த்தி, விட்டுவிட்டேன் என்றார். இன்னும் இரண்டு பேர் அப்படியே சொன்னார்கள். பிறகு என் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"எனக்குத் தரவேணும்."

எல்லாரும் திரும்பினார்கள். ஆதம்பாவா மரியாதையாகக் கிட்ட வந்தார். "சொல்லுங்க அம்மா. எவ்வளவு?"

"ஆறு நிமிசம்."

அவருக்கு விளங்கவில்லை. கூட்டத்துக்கும் விளங்கவில்லை. "அப்பிடியெண்டா... பொறுத்துக்கொள்ளுங்களன் அம்மா. நல்ல மனிசன்."

"நல்ல மனிசன்தான், என்ட கூடப்பிறந்தவன் மாதிரி." அக்காவின் குரல் உயரவில்லை. "ஆனா நான் விடல்ல. விட்டுட்டன் எண்டு சொன்னா, என்ட மகன் இல்ல எண்டு நானே சொன்ன மாதிரி. இது இருக்கட்டும்."

யாரோ முணுமுணுத்தார்கள், இந்த நேரத்தில் இப்படியா என்று. உள்ளேயிருந்து ஸஹீதா ராத்தாவின் குரல் வந்தது. அழுது அடைத்த குரல். "அவ சொல்றது சரி. அவர் தரவேணும்தான்."

எதற்குப் பொறுப்பெடுப்பது என்று ஆதம்பாவாவுக்குத் தெரியவில்லை. அக்காவைத் தவிர அந்த முற்றத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் பொறுப்பு என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நாற்பதாம் நாள் முடிந்து ஸஹீதா ராத்தா என்னைக் கூப்பிட்டு ஒரு பையைத் தந்தார். உள்ளே பழைய டிஸ்க், ஒரு கடித உறை. உறையின் மேல் மர்சூக் நானாவின் எழுத்தில் "கதிரவெளி அக்கா" என்று இருந்தது. உள்ளே அந்தக் கையின் படம். ஓரத்தில் சின்னதாக, முகம் பாக்கி.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எனக்குத்தான் ஃபோன் வரும்.

"வந்துதா புள்ள?"

"இன்னும் இல்ல அக்கா."